காக்காவின் மிருகப் பாட்டுப் பெட்டி

முதன்முதலில் அந்தப் பாட்டு எங்கள் வீட்டுக்குள் ஒலித்தபோது உம்மா அடுப்படியிலிருந்து கையில் அகப்பையோடு ஓடி வந்தார். யாரையோ குத்திவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாராம். கூடத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தார் காக்கா. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். அவருக்கு முன்னால் மூடி திறந்த பயணப்பெட்டி மாதிரி ஒரு சாமான். அதற்குள் தேத்தண்ணிக் கோப்பையின் கீழ்த்தட்டைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு இசைத்தட்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி துள்ளாமலிருக்க அதன் தலையில் ஐந்து ரூபாய் நாணயக் குத்தி ஒன்றை வைத்து ஒட்டியிருந்தார். "என்ன மகன் இது, ஆரப் போட்டு அறுக்கிறானுகள்?" என்றார் உம்மா. "நுளம்புப் பாட்டு உம்மா" என்றார் காக்கா, முகம் நிறையச் சிரிப்போடு. "நுளம்புக்கு என்னத்துக்குப் பாட்டு? கையால அடிச்சாச் சரிதானே!" என்று சொல்லிவிட்டு உம்மா திரும்பிப் போனார். பாட்டு அதற்குள் முடிந்திருந்தது. அந்த மாதிரிப் பாட்டுகள் இரண்டு நிமிடத்துக்கு மேல் போவதில்லை.

காக்கா அப்போது பொத்துவிலில், அறுகம்பேப் பக்கமிருந்த ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்தார். அலையில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சமைப்பது, அறை கூட்டுவது, பலகை தூக்குவது எல்லாம் அவர்தான். நாட்டுக்குத் திரும்பும்போது ஒருவன் சுமை கூடிப்போனதென்று அந்தப் பெட்டியையும் ஏழு தட்டுகளையும் இவரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஏழில் இரண்டு மிருகப் பாட்டு. ஒன்று இரத்தம் குடிக்கிற நுளம்பு, மற்றது நாய். காக்காவுக்கு இங்கிலீசு அறவே ஓடாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த நாய், பூனை, எலி, நுளம்பு மாதிரியான பெயர்கள் மட்டும் மண்டையில் தங்கியிருந்தன. "அவனுகள் கத்துற கத்தலுக்குள்ள எனக்குப் புடிபடுற ஒரே சொல் அதுதான் தங்கச்சி. அந்தச் சொல் வந்த உடன, ஆ, இது எலியப் பத்தின கதை எண்டு விளங்கிரும். மத்தப் பாட்டெல்லாம் எனக்கு வெறும் சத்தம்." மிருகப் பாட்டு மட்டும் சேர்ப்பதற்கு அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான். கராஜ் ரொக், பங்க் என்று அந்த வகைக்குப் பெயர் இருப்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பொடியன்கள் தங்கள் வீட்டுக் கார்க் கொட்டிலுக்குள் நின்று கிற்றாரைப் போட்டு அடித்து, தாங்களே தட்டுப் பண்ணி, முந்நூறோ நானூறோ விற்று, பிறகு பிரிந்து போய்விடுகிற கூட்டங்களாம். "கேக்கவும் கராஜில தகரம் தட்டுற மாதிரித்தானே இருக்கு" என்றார் காக்கா.

அடுத்த பருவத்துக்கு வருபவர்களிடம் தட்டுக் கேட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் அப்போது அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். இங்கிலீசு பாடம். அக்கரைப்பற்றில் பஸ் மாறும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து, காக்கா தமிழில் சொல்லச் சொல்ல நான் மின்னஞ்சல் அடிப்பேன். "நாய் எங்களிடம் பதினொன்று இருக்கிறது, இனி நாய் வேண்டாம். ஆடு ஒன்றுகூட இல்லை. தயவுசெய்து காதல் பாட்டு அனுப்ப வேண்டாம்." இப்படி எழுதினால் யார் அனுப்புவார்கள் என்று சீறுவேன். அனுப்பினார்கள்! சறுக்குப் பலகை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள், தபாலில் போட்டார்கள், தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு முறை முழுக்க ஆமை பற்றிய தட்டு ஒன்று வந்தது. அவ்வளவு வேகமான ஆமையை நான் கேள்விப்பட்டதே இல்லை. சில தட்டுகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை இருக்கும், இந்த இயந்திரத்தின் குமிழில் நில்லாமல் ஆடும். காக்கா சிரட்டையை வெட்டித் தேய்த்து, அந்த ஓட்டைக்குள் கச்சிதமாக உட்காரும் வில்லை ஒன்று செய்தார். நான் இன்று பிள்ளைகளுக்கு முன்னால் தடங்கலில்லாமல் இங்கிலீசு கதைக்கிறேன் என்றால் அதில் பாதி அந்த மின்னஞ்சல்கள் தந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரு கொப்பி வைத்திருந்தார். பாடியவன் யார், எந்த நாடு என்பதெல்லாம் அதில் இல்லை. எலி, கரப்பான், வௌவால், முதலை, எறும்பு என்று மிருகத்தின்படிதான் பக்கங்கள். பன்றிப் பாட்டு நான்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெயரைக் கொப்பியில் எழுத அவருக்குக் கூச்சம். கடைசிப் பக்கத்தில் "மற்றவை – 4" என்று போட்டார். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து அவரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. தங்கச்சிக்கு ஒரு வீட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் காக்காமார் தங்கள் கல்யாணத்தைப் பற்றி நினைப்பார்கள். கட்டி முடித்தவன் தன் பெண்சாதியின் வீட்டுக்குப் போய்விடுவான், கட்டின வீட்டுக்குள் இன்னொருவன் மாப்பிள்ளையாக வந்து இருப்பான். வாப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். சுனாமிக்குப் பிறகு கடற்கரை வளவை விட்டு, கல்முனைக்குடியில் உள்ளுக்குத் தள்ளி வாங்கிய துண்டு நிலத்தில் காக்காதான் அறை அறையாக வீட்டை எழுப்பினார். பருவகாலம் முழுக்கப் பொத்துவிலில் உழைப்பு. மாரியில் வந்து தானே சீமெந்து குழைத்துக் கல் வைப்பார். வீடு முடிந்தபோது அவருக்குப் பொத்துவிலில் சம்பந்தம் பேசி முடித்து, அவர் அங்கே குடிபோனார். மாமனார் வீட்டில் அப்போது இடம் இல்லை. அதனால் இயந்திரத்தையும் தட்டுகளையும் ஒரே பெரிய பெட்டிக்குள் அடுக்கி எங்கள் நடு அறை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். உம்மாவின் கையைப் பிடித்து, "உம்மா, இந்த ஊட்டுல எனக்கு இந்த அலுமாரி மேல்தட்டு மட்டும் போதும். இதுல ஆரும் கை வைக்கக் கூடா" என்றார். "நான் உசிரோட இருக்கும்வரைக்கும் ஒருத்தரும் தொட மாட்டாங்க மகன்" என்று உம்மா வாக்குக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஏழெட்டு மாதத்தில் என் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. அவருடைய வாப்பா மதரஸாவில் ஓதிக்கொடுக்கிறவர். நல்ல பேணுதலான குடும்பம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள், எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உயிருள்ளவற்றின் படம் இருக்கிற வீட்டுக்கு ரஹ்மத்தின் மலக்குகள், அருளைக் கொண்டுவரும் வானவர்கள், வரமாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். கடையில் தருகிற கலண்டரில் குழந்தைப் படம் இருந்தால்கூட முகத்தை மறைத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் ஆணியில் கொழுவுவோம். எங்களுக்கென்று ஒதுக்கிய அந்த நடு அறையிலோ, தலைக்கு மேல் ஒரு பெட்டி நிறைய, தட்டுகளின் உறை அட்டைகளில் நாயும் எலியும் முதலையும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன! பெட்டியைத் தூக்கி வேறெங்கும் வைக்க மனமில்லை. காக்கா கேட்டதே அந்த ஒரு மேல்தட்டைத்தானே. அப்போதுதான் என் மூளைக்கு அந்த யோசனை வந்தது. அட்டைகளிலுள்ள கண்களை மறைத்துவிட்டால் படமும் படமாக இராது, பெட்டியும் இருந்த இடத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து கறுப்பு மார்க்கர் பேனை கொண்டுவந்தேன். மூன்று நாள், அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்து, நூற்றிச் சொச்சம் அட்டையிலும் ஒவ்வொரு கண்ணாக மறைத்தேன். கோடு வெளியே போகாமல், வட்டம் பிசகாமல். எறும்புக் கூட்டம் போட்ட ஒரு அட்டைக்கு மட்டும் அரை மணித்தியாலம் போனது. ஒவ்வொன்றையும் ஊதிக் காயவைத்து வரிசை மாறாமல் அடுக்கினேன். காக்காவின் சாமானைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை வேறு. அறிவு கெட்டவள்.

கல்யாணத்தின் மூன்றாம் நாள், ஆட்கள் குறைந்த பிறகு, காக்கா அலுமாரிக்கு முன்னால் நின்றார். நாலு நாளாக விருந்துச் சகன் தாம்பாளங்கள் தூக்கி, பந்தல் கட்டி, கறிக்கு நின்று களைத்துப்போயிருந்தார். ஒரு பாட்டுக் கேட்போம் என்று நினைத்திருப்பார். முதல் அட்டையை எடுத்தார், இரண்டாவதை எடுத்தார், பிறகு கட்டுக் கட்டாக எடுத்துப் புரட்டினார். "ஆரு இது செஞ்ச?" சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயத்தைக் கூட்டியது. கூடத்தில் என் மாப்பிள்ளை இருந்தார், அவருடைய ராத்தா, மூத்த சகோதரி, இருந்தார். மூன்று நாள் புதுப்பெண் நான், என்னை அவர்கள் முன்னால் குற்றவாளியாக நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். வாய் தானாகச் சொன்னது: "உம்மா."

உம்மா அப்போது வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்துவிட்டது. சுளகு நின்றது. என்னை ஒருதரம் பார்த்தார், கூடத்தில் இருந்த என் மாப்பிள்ளையை ஒருதரம் பார்த்தார். காக்கா திரும்பி, "நீங்களா உம்மா?" என்று கேட்டார். "ஓம் மகன், நான்தான். படம் ஊட்டுக்குள்ள கூடா எண்டு நினைச்சன்." காக்கா அட்டைகளைத் திரும்ப அடுக்கினார். பெட்டியை இறக்கிச் சாரனால் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பொத்துவிலுக்குப் போய்விட்டார். அடுப்படியில் நான் உம்மாவின் காலடியில் விழாத குறையாக அழுதேன். "வாய மூடு புள்ள. புது மாப்பிள்ள ஊட்டுல. அவன் என்ட வயித்துல பொறந்தவன், ரெண்டு நாள் போனா வருவான்" என்றார் உம்மா.

வரவில்லை. ஐந்து வருடம். உம்மாவின் மருந்துக்குக் காசு வரும், கருவாடு வரும், தயிர்ச்சட்டி வரும், எல்லாம் பஸ் கொண்டக்டர் கையில். ஆள் வரமாட்டார். வேலை கூடிப்போச்சு, பருவம் நீண்டுபோச்சு என்று சொல்லியனுப்புவார். நாங்களும் அதை நம்புவது போல நடந்துகொண்டோம். பெருநாளுக்குப் பெருநாள் உம்மா அவருக்கென்று வட்டிலப்பம் ஒரு பங்கு எடுத்து மூடிவைத்துக்கொண்டு மஃரிப் வரைக்கும் வாசலைப் பார்த்தபடி இருப்பார். நான் சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். இன்றைக்குச் சொல்வேன், நாளைக்குச் சொல்வேன் என்று தள்ளினேன், தள்ளத் தள்ள அது பாரமாகியது. பொய் சொல்லக்கூடாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு முழங்குவேன், வெட்கமில்லாமல். இதில் இன்னொரு கொடுமை. என் மாப்பிள்ளையிடம் ஒருநாள் மெல்ல இந்தப் படக் கதையை எடுத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி, "பெட்டிக்குள்ள மூடிக் கிடக்கிற படத்துக்கு என்ன? செவருல தொங்கப் போட்டாத்தானே பேச்சு. எனக்குப் பாட்டு விருப்பமில்ல, ஆனா அவரட சாமான் அவரட சாமான்" என்றார். நான் யாருக்குப் பயந்தேனோ அந்த மனிதர்!

உம்மா ஒரு விடியற்காலை, சுபஹு தொழுத பாயிலேயே சரிந்தார். காக்கா வந்து சேரும்போது குளிப்பாட்டிக் கபனிட்டு முடிந்திருந்தது. உம்மாவைச் சுமந்த சந்தூக்கைத் தோளில் வாங்கினார், மையவாடியில் மண் போட்டார், ஓதிச் சாப்பாடு கொடுக்கும் கத்தத்துக்கு வந்தார். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு தரம் வந்து போனார், விருந்தாளி மாதிரி கதிரையின் நுனியில் உட்கார்ந்து. பாட்டுகளைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன மாரியில் ஒரு பின்னேரம் ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. காக்கா பெட்டியோடு இறங்கினார். மச்சி, காக்காவின் பெண்சாதி, அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கிவிட்டாவாம், பெட்டிக்கு இடம் இல்லையாம். தான் கல் சுமந்து கட்டிய வீட்டின் கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, "இத கொஞ்ச நாளைக்கு இஞ்ச வைக்கலாமா? மாப்பிள்ளைக்குக் கரச்சல் ஒண்டும் இல்லையே?" என்று என்னிடம் கேட்டார். நான் கேற்றை அகலத் திறந்தேன். பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தேன்.

கூடத்தில் வைத்துத் திறந்தார். நான் நினைத்தேன், கண்களைச் சுரண்டிச் சுத்தமாக்கியிருப்பார் என்று. இல்லை. ஒவ்வொரு அட்டையும் தெளிந்த பொலித்தீன் உறைக்குள் இருந்தது, நான் பூசிய கறுப்பு அப்படியே. எறும்பு அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்து இதெல்லாம் பாத்தான். எங்கயும் இப்புடிக் காணல்ல, இது ஆரட வேலை எண்டு கேட்டான். என்ட உம்மாட வேலை எண்டு சொன்னன்." விரலால் ஒவ்வொரு எறும்பின் கண்ணையும் தடவினார். "பாரு தங்கச்சி, ஒரு கோடு வெளிய போகல்ல. கோவத்துல செஞ்ச வேலை இல்ல இது. எவ்வளவு நேரம் குந்திக்கிட்டுச் செஞ்சிருப்பா. அவ மௌத்தாகிப் போய்த்தான் எனக்கு இது விளங்கிச்சி. உம்மாட கைபட்டது எண்டு என்னட்ட இருக்கிறது இது மட்டுந்தான்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் சமாதானமாகிவிட்டார், உம்மாவை மன்னித்துவிட்டார், யாருக்கும் இனி நட்டமில்லை. அந்த நிமிடத்தில் இதெல்லாம் எனக்குள் ஓடியது. ஆனால் உம்மா செய்யாத ஒன்றுக்காக உம்மாவை ஒருவர் மன்னிப்பதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "காக்கா, அது உம்மா இல்ல. நான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன், மார்க்கர் பேனையிலிருந்து வாசற்படிச் சுளகு வரைக்கும். அவருடைய விரல் எறும்பின் மேலேயே நின்றுவிட்டது. அந்த அட்டை அவர் மடியில் வெறும் அட்டையாகிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அப்ப உம்மா ஏன் தான் எண்டு சொன்னா?"

"எனக்காக. மாப்பிள்ள ஊட்டாக்கள் இருந்தாங்க."

"அப்ப அவ எனக்குத் தந்த வாக்க முறிக்கல்ல."

"இல்ல காக்கா. ஒருநாளும் தொடல்ல."

எறும்பு அட்டையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். பிறகு அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை, மையவாடியிலிருந்து வந்த அன்றுகூட இல்லை. "அஞ்சு வருசம் தங்கச்சி. பத்துப் பெருநாள். அவட கையப் புடிச்சி நான் ஒரு சலாம் குடுக்கல்ல. வேலை எண்டா வராம இருந்தன்? கோவத்துலதான் வரல்ல. என்ட உம்மா என்ட ஒரு அலுமாரித் தட்டக்கூட விட்டுவைக்கல்ல எண்டு நினைச்சிக்கிட்டு இருந்தன்." நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று சொல்லி முடியாது. அவர் எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு மையவாடிப் பக்கம் நடந்தார்.

இஷாவுக்குக் கொஞ்சம் முன் திரும்பி வந்தார். நான் பெட்டியை மூடி, சாரனால் சுற்றி, கொண்டு போவார் என்று வாசலடியில் வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத ஏன் இஞ்ச வச்சிரிக்காய்? அலுமாரி மேல்தட்டுல வை" என்றார். பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு உன்னோட கோவம் இருக்கு. இப்ப போகாது. பெட்டிய நான் கொண்டு போனா இந்தப் பக்கம் திரும்பி வர மாட்டன். அது இஞ்சயே இருக்கட்டும்" என்றார். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான்கு தரம் வந்துவிட்டார். சலாம் சொல்வார், பிள்ளைகளின் தலையைத் தடவுவார், நடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எலியோ வௌவாலோ அரை மணித்தியாலம் கத்தும், என் மாப்பிள்ளை அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போய்விடுவார். காக்கா இன்னும் என் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லை. நான் ஒவ்வொரு முறையும் அவருக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்டு, கதவைத் தட்டி, வெளியே வாங்குப் பலகையில் வைத்துவிட்டு வருகிறேன். அவர் போன பிறகு ஆறிப்போன கோப்பையை எடுத்துக் கழுவுகிறேன். அடுத்த முறையும் ஊற்றுவேன்.